டிரெய்லர் லாரியும் நம் சரக்கும்: சிங்கிள் ஆக்சில் வண்டி யாருக்கு உதவும்?



சரக்கை எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பதில் நாம் காட்டும் அக்கறையை, அது எந்த வண்டியில் வருகிறது என்பதில் காட்டுவதில்லை. துவரம் பருப்பில் கிலோவுக்கு 20 காசு குறைத்துக் கேட்க அரை மணி நேரம் போனில் பேசுகிறோம். லாரி வாடகை என்று வரும்போது புக்கிங் ஆபீஸ் சொன்னதைக் கொடுத்துவிட்டு மூட்டைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மளிகைச் சரக்கில் லாபம் மெல்லிய நூல் போன்றது. அந்த நூலை அறுப்பது பல சமயம் கொள்முதல் விலையல்ல, வண்டிச் செலவுதான். ஆகவே இந்த இதழில், நெடுஞ்சாலையில் நாம் அன்றாடம் பார்க்கும் டிரெய்லர் வண்டிகளைப் பற்றி, குறிப்பாக ஒரே ஓர் இழுக்கும் அச்சு கொண்ட சிங்கிள் ஆக்சில் வண்டியைப் பற்றி, வியாபாரியின் கணக்கில் கொஞ்சம் பார்ப்போம்.

வண்டியின் அமைப்பு

சாதாரண லாரியில் எஞ்சினும் சரக்குப் பெட்டியும் ஒரே சேசிஸ் மேல் இருக்கும். டிரெய்லர் அப்படியன்று. முன்னால் இழுக்கும் வண்டி தனி. அதை லாரிக்காரர்கள் ‘ஹார்ஸ்’ என்பார்கள். பின்னால் சரக்கு சுமக்கும் டிரெய்லர் தனி. டிரெய்லரின் முன்பகுதி ஹார்ஸின் முதுகிலுள்ள வட்டத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். டிரெய்லரின் அடியிலுள்ள கிங்பின் அந்தத் தட்டின் பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பூட்டை எடுத்துவிட்டால் ஹார்ஸ் மட்டும் தனியே போய்விடலாம்.

ஹார்ஸில் இரண்டு வகை உண்டு. முன்னால் ஓர் அச்சு, பின்னால் எஞ்சின் சக்தி போகும் ஓர் அச்சு என்று ஆறு டயரில் ஓடுவது சிங்கிள் ஆக்சில். பின்னால் இரண்டு அச்சுகள் வைத்துப் பத்து டயரில் ஓடுவது இரட்டை ஆக்சில். டாட்டா 4018, அசோக் லேலண்ட் 4019 என்று நாம் பார்த்த பழைய 40 டன் வண்டிகள் சிங்கிள் ஆக்சில் இனத்தவை. இதனுடன் மூன்று அச்சு டிரெய்லரைச் சேர்த்தால் மொத்தம் 18 டயர். இரட்டை ஆக்சில் ஹார்ஸுடன் சேர்த்தால் 22 டயர். நான்கு டயரும், ஒரு டிபரென்ஷியலும், அவற்றின் பிரேக், ஸ்பிரிங், கிரீஸ் செலவும் மிச்சம் என்பதுதான் சிங்கிள் ஆக்சிலின் முதல் சிறப்பு. வண்டியின் சொந்த எடையும் குறைவதால் அந்த அளவுக்குச் சரக்கு ஏற்றலாம்.

எத்தனை டன் ஏற்றலாம்?

மத்திய அரசு 2018 ஜூலை மாதம் அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. முன் அச்சுக்கு 6 டன்னாக இருந்தது 7 டன் ஆயிற்று. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. இதன்படி ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்கும், சிங்கிள் ஆக்சில் ஹார்ஸும் மூன்று அச்சு டிரெய்லரும் சேர்ந்த வண்டியின் மொத்த எடை 40.2 டன்னிலிருந்து 45.5 டன்னுக்கும் ஏறின.

ஆனால் ஒன்று. இவை சட்டத்தின் பொது வரம்புகள். நம் வாசலில் நிற்கும் வண்டிக்கு எத்தனை டன் என்பது அதன் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதே. பழைய வண்டிக்காரர் “இப்போது எல்லாம் கூட்டிவிட்டார்கள்” என்று சொன்னால் ஆர்.சி.யைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே லோடு ஏற்ற வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு. தூரம் 400 கி.மீ. டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு சக்கர லாரி 12 டன் ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 5 கி.மீ. ஓடினால் 80 லிட்டர் டீசல். டன்னுக்கு ஏறத்தாழ 6.7 லிட்டர். சிங்கிள் ஆக்சில் டிரெய்லர் 30 டன் ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 3.2 கி.மீ. ஓடினால் 125 லிட்டர். டன்னுக்கு ஏறத்தாழ 4.2 லிட்டர். வித்தியாசம் டன்னுக்கு 2.5 லிட்டர், அதாவது 225 ரூபாய். 50 கிலோ மூட்டைக்கு 11 ரூபாய்க்கு மேல் வருகிறது. டீசலில் மட்டும் இது. டிரைவர் சம்பளம், படி ஆகியவையும் 12 டன்னுக்குப் பதில் 30 டன்னில் பங்காகின்றன.

சுங்கச் சாவடியிலும் இதே நிலைதான். 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் நான்கு வழிச் சாலைக்கு வைத்த அடிப்படைக் கட்டணம், இரண்டு அச்சு லாரிக்கு கி.மீ.க்கு 2 ரூபாய் 20 காசு. நான்கு முதல் ஆறு அச்சு வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு. அதன் பின் ஆண்டுதோறும் கட்டணம் உயர்ந்து வந்திருக்கிறது. ஆனாலும் அந்த அடிப்படையைக் கொண்டு பார்த்தால் 12 டன் லாரிக்கு டன்னுக்கு 18 காசும், 30 டன் டிரெய்லருக்கு 11.5 காசும் விழுகிறது.

மூட்டைக்கு 11 ரூபாய் என்றால் சிலர் சிரிக்கலாம். சில்லறைக் கடைக்காரர் ஒரு மூட்டை பருப்பில் எவ்வளவு பார்க்கிறார் என்று அவரையே கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். பெரிய சங்கிலித் தொடர்க் கடைகளுக்குச் சரக்கு முழு வண்டியாக நேரே கிடங்குக்குப் போகிறது. நம் தெருவுக் கடைக்காரர் அந்த விலைக்குப் போட்டியிட வேண்டுமானால், அவருக்குச் சரக்குக் கொடுக்கும் நாம் முதலில் வண்டிச் செலவைக் குறைக்க வேண்டும்.

பாதி லோடு போனால் பயனில்லை

அதே டிரெய்லர் 15 டன் மட்டும் ஏற்றிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை குறைந்ததால் லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தாலும் 100 லிட்டர் ஆகிறது. டன்னுக்கு 6.7 லிட்டர். ஆறு சக்கர லாரியின் கணக்கும் அதுவே. ஆக, பாதி லோடு ஏற்றிய டிரெய்லரில் ஒரு காசு மிச்சமில்லை. டயர் தேய்மானத்தையும் சுங்கத்தையும் சேர்த்தால் நஷ்டம். ரிட்டர்ன் லோடு இல்லாமல் காலியாகத் திரும்பினாலும் அப்படியே. அந்தச் செலவை வண்டிக்காரர் நம் வாடகையில்தான் ஏற்றுவார்.

எனவே, 600 மூட்டையை ஒரே சமயத்தில் வாங்கி இறக்கி வைக்கக் கூடியவருக்கு மட்டுமே தனி டிரெய்லர் பொருந்தும். மற்றவர்கள் சேர்ந்து எடுக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

துறைமுகச் சரக்கு

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கியதிலிருந்து இந்த வகை வண்டிக்கு வேலை பெருகியது. மொசாம்பிக், தான்சானியா, மியான்மர் நாடுகளின் துவரையும் உளுந்தும், கனடாவின் பட்டாணியும் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் கன்டெய்னரில் வருவதை நாம் அறிவோம். 20 அடிப் பெட்டி ஒன்றின் வெற்று எடை 2.2 டன் அளவில் இருக்கும். அதில் 24 டன் பருப்பு வந்தால் பெட்டியோடு 26 டன்னைத் தாண்டும். இதை நல்ல நெடுஞ்சாலையில் இழுக்கச் சிங்கிள் ஆக்சில் ஹார்ஸ் போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை. பெட்டி கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். அதற்குக் கொடுத்த இலவச நாட்கள் முடிந்தால் நாள் வாடகை ஓடத் தொடங்கும். கிடங்கில் இடம் காலி செய்து, லோடுமேன் செட்டுக்குச் சொல்லி வைத்த பிறகே பெட்டியை வெளியே எடுக்க வேண்டும். பெட்டி வாசலுக்கு வந்த பின் இடம் தேடுவது வட்டிக்குப் பணம் வாங்கிப் பூட்டி வைப்பது போன்றது.

கழற்றி விடும் வசதி

சாதாரண லாரியில் சரக்கு இறங்கும் வரை எஞ்சினும் டிரைவரும் காத்திருக்க வேண்டும். ஹால்டிங் என்று ஒரு தொகை எழுதுவார்கள். டிரெய்லரை நம் கிடங்கில் கழற்றி விட்டுவிட்டு ஹார்ஸ் வேறொரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகலாம். 600 மூட்டையை லோடுமேன்கள் நிதானமாக இறக்கலாம். ஒரு ஹார்ஸுக்கு இரண்டு மூன்று டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இந்த முறையில் நல்ல பயன் பெறுகிறார்கள். மாதந்தோறும் ஒரே மில்லிலிருந்து அரிசியோ, ஒரே ஆலையிலிருந்து சர்க்கரையோ எடுப்பவர்கள் வாடகை பேசும்போதே இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. டிரெய்லரின் முன்கால்கள் மண் தரையில் புதைந்துவிடும். அடியில் கனத்த பலகை போட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். கழற்றி நிற்கும் டிரெய்லரில் பின்பக்க மூட்டைகளை மட்டும் இறக்கி, முன்பக்கத்தை அப்படியே விட்டால் மூக்கு குத்திச் சாயும் அபாயம் உண்டு. மறுபடி மாட்டும்போது கிங்பின் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று டிரைவர் மெதுவாக ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். பிரேக்குக்குக் காற்றுக் குழாய்கள் இரண்டும் இணைந்தனவா என்றும் பார்க்க வேண்டும்.

எங்கே உதவாது?

சக்கரம் சுழன்றால் போதாது, சாலையைப் பிடிக்க வேண்டும். இழுக்கும் அச்சின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறதோ அந்த அளவுக்குத்தான் பிடிப்பு. சிங்கிள் ஆக்சில் வண்டியில் மொத்தம் 45.5 டன்னில் இழுக்கும் அச்சின் மேல் 11.5 டன்தான், அதாவது கால் பங்கு. காய்ந்த தார்ச் சாலையில் இது போதும். மழையில் சேறான மண்டி முற்றத்திலும், செங்குத்தான ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும் சக்கரம் வழுக்கும். அத்தகைய பாதைக்கு இரட்டை ஆக்சில் ஹார்ஸ் அல்லது டாரஸ் வண்டியே ஏற்றது.

27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை போன்ற இடங்களில் நீண்ட வண்டி திரும்புவதே பெரும்பாடு. ஒன்று சிக்கினால் இரண்டு பக்கமும் பல மணி நேரம் போக்குவரத்து நிற்கும். இறக்கத்திலும் கவனம் வேண்டும். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் நடந்த விபத்துகள் நமக்குத் தெரிந்தவையே. கனத்த வண்டியை நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். நம் சரக்கையும் வைக்கிறார், எதிரே வருபவர் குடும்பத்தையும் வைக்கிறார். கீழ் கியரில் மெதுவாக இறங்கும் டிரைவரை “ஏன் தாமதம்?” என்று நாம் கடிந்துகொள்ளக் கூடாது.

ஊருக்குள் நம் கடைத்தெருக்கள் மாட்டு வண்டிக் காலத்தில் அமைந்தவை. ஐம்பது அடி நீள வண்டி அங்கே நுழையாது. நகரங்களில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே டிரெய்லரில் சரக்கு எடுப்பவருக்கு ஊருக்கு வெளியே கிடங்கு வேண்டும். அங்கிருந்து கடைக்குச் சிறிய வண்டி வேண்டும். இந்த இரண்டாவது வாடகையையும், இரண்டாவது முறை ஏற்றி இறக்கும் கூலியையும் கழித்த பிறகு மூட்டைக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். குறைந்த தூரத்துக்கும், பல கடைகளில் இறக்கிச் செல்லும் லோடுக்கும் ஆறு சக்கர லாரியை மிஞ்ச எதுவும் இல்லை.

அதிக லோடு: லாபமா, வினையா?

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார். ஆனாலும் “இன்னும் நாற்பது மூட்டை போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு நம்மிடையே ஓயவில்லை.

அதிக லோடு ஏற்றிய வண்டியைப் பிடித்தால், அளவுக்கு மேல் உள்ள சரக்கை இறக்காமல் போக விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் முன்பு அபராதம் 2,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயுமாக இருந்தது. 2019 செப்டம்பர் முதல் அது 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் என்று ஆனது. இறக்கும் செலவும் தனி. நாற்பது மூட்டை என்பது 2 டன். 24,000 ரூபாய் அபராதத்தை அந்த நாற்பது மூட்டையில் பரப்பினால் மூட்டைக்கு 600 ரூபாய். எந்தச் சரக்கு அதைத் தாங்கும்? மேலும், ஓட்டுபவர் மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் அனுமதிப்பவரையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. “வண்டிக்காரர் பாடு” என்று நாம் கை கழுவ முடியாது.

மொத்த எடை சரியாக இருந்தும் சிக்கிக்கொள்வது உண்டு. மூட்டைகளை முன்பக்கமே அடுக்கினால் இழுக்கும் அச்சின் மேல் 11.5 டன்னுக்கு மேல் ஏறிவிடும். பின்பக்கமே அடுக்கினால் அந்த அச்சு லேசாகி, ஏற்றத்திலும் மழையிலும் வழுக்கும். 40 அடி டிரெய்லரில் ஒரே ஒரு 20 அடிப் பெட்டியைக் கடைசியில் வைப்பதும் இந்தத் தவறே. லோடு பரவலாக இருக்க வேண்டும். எடைமேடையில் மொத்த எடையோடு முன்பாகத்தையும் பின்பாகத்தையும் தனித்தனியே பார்த்துச் சீட்டு வாங்குவது நல்லது.

கூட்டாக எடுப்பது எப்படி?

தனியாக 30 டன் எடுக்க முடியாதவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கலாம். நம் சந்தைகளில் தீபாவளி, பொங்கல் சமயத்தில் இது பழக்கத்தில் இருப்பதுதான். சண்டை வராமல் இருக்கச் சில முறைகள் வேண்டும்.

1. யாருக்கு எத்தனை மூட்டை, வாடகையில் யாருக்கு எவ்வளவு என்பதை லோடு ஏறும் முன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாடகையை மூட்டைக் கணக்கில் பிரிக்காமல் எடைக் கணக்கில் பிரிக்க வேண்டும்.

2. கடைசியில் இறங்க வேண்டிய சரக்கு முதலில் ஏற வேண்டும். ஒவ்வொருவர் மூட்டைக்கும் தனி வண்ண அடையாளம் இருந்தால் இறக்கும்போது வாக்குவாதம் இல்லை. மிளகாய், மஞ்சள், சோப்பு போன்ற வாசனைச் சரக்கைப் பருப்பு, மாவு, தேயிலையோடு சேர்த்து ஏற்றக் கூடாது.

3. ஈவே பில் தேவைப்படும் சரக்குக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே போட வேண்டும். வெளி மாநிலச் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும் இது தேவை. ஒரே வண்டியில் பல பில்கள் இருந்தால் தொகுப்புப் பில் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம். 2021 ஜனவரி முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கெடு. ஒருவருடைய பில்லில் குறை இருந்தால் நால்வர் சரக்கும் நடுவழியில் நிற்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

4. ஒரே வண்டியில் எல்லாச் சரக்கும் வருவதால் இழப்பு நேர்ந்தாலும் மொத்தமாக நேரும். அவரவர் சரக்குக்கு அவரவர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். லாரி ரசீதில் சரக்கின் மதிப்பைக் குறிப்பிடத் தவறக் கூடாது. 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் இழப்பைத் தெரிவித்தால்தான் வழக்குத் தொடர முடியும்.

5. எல்லோருக்குமாக ஒருவர் இறக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கு பேரும் வந்து நான்கு விதமாகக் கட்டளையிட்டால் லோடுமேன் யார் சொல்லைக் கேட்பார்?

டிரைவரும் நம் வியாபாரத்தில் ஒருவர்

பதினெட்டுச் சக்கர வண்டியைப் பின்னோக்கி எடுத்து நம் கிடங்கு வாசலில் நேராக நிறுத்துவது எளிதான கலையன்று. அத்தகைய டிரைவர்கள் கிடைப்பது அரிதாகி வருகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதி வைத்தது, அவர் படும் பாட்டை உணர்ந்துதான். இரவெல்லாம் ஓட்டி வந்தவருக்கு நம் கிடங்கில் குடிக்கத் தண்ணீர், குளிக்க ஓர் இடம், கழிப்பறை, நிழலில் இரண்டு மணி நேரத் தூக்கம் இவை கிடைத்தால் நமக்குப் பெரிய செலவில்லை. நல்ல டிரைவர் அடுத்த முறை நம் லோடைத் தேடி வருவார். சரக்கும் குறையின்றி வரும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

சுருக்கமாகச் சொன்னால், நீண்ட தூரம், நல்ல சாலை, முழு லோடு, ஊருக்கு வெளியே கிடங்கு ஆகிய நான்கும் அமைந்தவருக்குச் சிங்கிள் ஆக்சில் டிரெய்லர் மலிவான வண்டி. நான்கில் ஒன்று குறைந்தாலும் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழக்கு. லாரியில் போடுவதற்கும் அதுவே வழி.

தனித்தனியே கிடங்கு கட்ட முடியாத சிறு வியாபாரிகளுக்காக, புறவழிச் சாலையை ஒட்டி ஒரு பொது இறக்குமிடத்தைச் சங்கமே வாடகைக்கு எடுத்து நடத்தலாம். தரைக்குக் கான்கிரீட், மழைக்குக் கூரை, ஓர் எடைமேடை, டிரைவருக்கு ஓர் அறை இவை இருந்தால் போதும். சில்லறைக் கடைக்காரரும் பத்து மூட்டை அளவில் முழு லோடு வாடகையின் பயனைப் பெறுவார். மாதம் எத்தனை டன் எடுக்கிறோம், எந்த ஊரிலிருந்து எடுக்கிறோம் என்ற விவரத்தை உறுப்பினர்கள் எழுதி அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டுவந்தால், இடம் எவ்வளவு வேண்டும் என்று அன்றே பேசி முடிவெடுக்கலாம்.